காதைப் பார்த்தேன், சொல்லவில்லை

தினேஷ்,

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் சித்தூர்க் கடை வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும், அதில் வரும் டிரைவரிடம் இருபத்தைந்து ஜோடி வெள்ளி விளக்கை ஏற்றி அனுப்ப வேண்டும் என்று நேற்று போனில் சொன்னாய். கடை திறந்து இரண்டே மாதத்தில் இவ்வளவு பெரிய ஆர்டர், அதுவும் கனடாவிலிருந்து. உன் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து "நல்லதுப்பா" என்ற ஒரு சொல்தான் வந்தது. போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்த விளக்குகளை நீ கொடுக்கக்கூடாது, தினேஷ். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். உன் பேருக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும், உன் தெருவில் கார்டு மெஷின் வைத்துக் கடை நடத்துகிற யார் கேட்டாலும் படிக்கக் கொடு. எனக்கு அதில் வெட்கம் இல்லை. இருந்தது, இந்த வாரம் அதை விட்டுவிட்டேன்.

நேரில் சொன்னால் நீ சிரிப்பாய். "அம்மாவுக்கு எல்லாரும் திருடன்தான்" என்பாய். நான் பேச்சில் தோற்கிறவள் என்பது உனக்குத் தெரியும். பிச்சாட்டூர் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்து, எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக பி.காம் முடித்தேன். அந்த மூன்று வருடமும் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பார்ப்பது மட்டும் பார்ப்பேன். எந்த வாத்தியார் எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறார், எவள் யாருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் எல்லாம் தெரியும். வாய்தான் திறக்காது. அந்த வாயோடுதான் உன் நைனாவைக் கட்டிக்கொண்டு, திருப்பதி மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற ரோட்டில் அவர் வைத்த சின்ன வெள்ளிக் கடையில் பில் போட உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ரோடே மாறிக்கொண்டிருந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தார்கள். பணத்தைக் கட்டுக் கட்டாக இடுப்பில் முடிந்துகொண்டு வருவதற்குப் பதிலாகக் கார்டை நீட்டினார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் கார்டு மெஷின் வாங்கிவிட்டார்கள் என்று உன் நைனாவும் பேங்கில் எழுதிக் கொடுத்து ஒன்று வாங்கினார். நீ இப்போது வைத்திருக்கிற மாதிரி இல்லை. இரும்பாலான ஒரு சின்னத் தட்டு. அதில் கார்டை வைத்து, மேலே கார்பன் வைத்த சீட்டைப் பரப்பி, கைப்பிடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓங்கி இழுத்தால், கார்டில் புடைத்திருக்கும் நம்பரும் பேரும் சீட்டில் பதியும். காணாமல் போன கார்டுகளின் நம்பரெல்லாம் எறும்பு எழுத்தில் அச்சடித்த ஒரு மெல்லிய புத்தகத்தை பேங்கிலிருந்து அவ்வப்போது அனுப்புவார்கள். ஒரு தொகைக்கு மேல் போனால் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டு அனுமதி வாங்க வேண்டும். புத்தகத்தில் தேடுவது, கையெழுத்து ஒத்துப் பார்ப்பது, போன் போடுவது எல்லாம் என் வேலை. சிரித்துப் பேசி விற்பது உன் நைனா வேலை.

அது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. உனக்கு ஐந்து வயது, ஜுரத்தோடு கடைக்குள் பாயில் படுத்திருந்தாய். ஒருவர் வந்தார். மொட்டைத் தலை, தலை முழுக்கச் சந்தனம், கையில் லட்டுப் பை. சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது.

"வாங்க சார், வாங்க. தரிசனம் ஆச்சா?" என்றார் உன் நைனா.

"ஆச்சுங்க. அருமையான தரிசனம். அரை மணி நேரத்துல வெளிய வந்துட்டோம்."

புரட்டாசி சனிக்கிழமையில் அரை மணி நேரம். முதல் தடவையாக அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் விளக்கு கேட்டார், தட்டு கேட்டார், குங்குமச் சிமிழ் கேட்டார். எடுத்து வைத்ததையெல்லாம் சரி என்றார். எடை கேட்கவில்லை. செய்கூலி கேட்கவில்லை. வெள்ளிக் கடைக்கு வருகிறவர்கள் சிமிழைக் கையில் எடுக்கும் முன்பே "கிராம் எவ்ளோ, கூலி எவ்ளோ" என்று கேட்பார்கள். கோடீஸ்வரரும் கேட்பார். வெளிநாட்டில் இருபது வருடம் இருந்தவர்தான் இன்னும் அதிகமாகக் கேட்பார். இவர் கேட்கவே இல்லை.

கார்டை நீட்டினார். போட்டோ அச்சடித்த கார்டு. அந்தக் காலத்தில் ஒரு சில பேங்கு மட்டும்தான் அப்படிக் கொடுத்தது. படத்தில் இருந்தவருக்குச் சுருட்டை முடி, அடர்த்தியான மீசை. எதிரில் நின்றவருக்கு இரண்டும் இல்லை. உன் நைனாவின் கையை மெல்லத் தட்டி, "இன்னாங்க, போட்டோவ ஒருவாட்டி பாருங்க" என்றேன்.

"இன்னாத்த பாக்கறது? மல எறங்கி வர்றவனுக்கு மீச எங்கேர்ந்து வரும்? சாமிக்கு முடி குட்த்துட்டு வந்துக்கீறாரு, அவரப் போயி சந்தேகப்படுவாங்களா? கன்னத்துல போட்டுக்கோ."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "மேடம் கேக்கறது கரெக்ட்தான் சார். ரெண்டு மாசம் கழிச்சு வரேன் மேடம், மீசையோட வந்து காட்டறேன்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த கண்ணுக்கு முன்னால் கார்டு இருந்தது. படத்தில் இருந்தவரின் காது மடலின் நுனி தொங்காமல், கன்னத்தோடு ஒட்டி முடிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் நின்றவருக்குக் காது நுனி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் குத்திய ஓட்டை வேறு. மொட்டை போட்டால் முடி போகும், மீசை போகும், முகமே வேறு ஆளாகிவிடும். காது மாறாது. சந்தனம் விலகிய இடத்தில் தலையின் நிறத்தையும் பார்த்தேன். அன்றைக்கு மழித்த தலை வெயில் படாமல் வெளுத்திருக்கும், நெற்றிக்கும் அதற்கும் நடுவே கோடு போட்ட மாதிரி தெரியும். இந்தத் தலை முகத்தின் நிறத்திலேயே கறுத்திருந்தது. மழித்துப் பல வாரம் ஆன தலை, மறுபடி மறுபடி மழித்த தலை. திருப்பதியில் மொட்டையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தெரிந்தவனின் தலை.

"ரெண்டு பில்லா போட்டுடுங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு தங்கச்சி வீட்டுக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே அந்தத் தொகைக்குக் கீழே வந்துவிடும், சென்னைக்குப் போன் போட வேண்டாம். லைன் கிடைக்காத தொல்லை விட்டது என்று உன் நைனாவுக்குச் சந்தோஷம். சீட்டை நீட்டினேன். கையெழுத்தை அவன் போடவில்லை, வரைந்தான். கார்டைத் திருப்பி ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாக வரைந்தான். நம் கையெழுத்தைப் போட நாம் எதையாவது பார்ப்போமா?

எல்லாம் பார்த்தேன். கைப்பிடியை இரண்டு தடவை இழுத்தவளும் நான்தான்.

சில வாரம் கழித்து பேங்கிலிருந்து கடிதம் வந்தது. ரயிலில் பெட்டியைத் தொலைத்த பெங்களூர்க்காரர் ஒருவரின் கார்டு அது. போட்டோவைப் பார்த்தீர்களா, பில்லை ஏன் பிரித்தீர்கள், ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டிருந்தார்கள். பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சரக்கு சேலத்து வியாபாரி நம்பிக் கடனுக்குக் கொடுத்தது. எதிர்க்கடைக்காரர் மட்டும் உன் நைனாவைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் தடவிக் காட்டி, "இன்னா நைனா, மீச மொளச்சி வந்துட்டாரா?" என்பார். உன் நைனாவும் சிரிப்பார். அந்தக் கடனை அடைக்க மூன்று மாதத்தில் டிரைவர் விசாவில் குவைத்துக்குப் போனார்.

இதுதான் உனக்குத் தெரியாத பகுதி. நைனா ஏன் போனார் என்று நீ கேட்டபோதெல்லாம், உன்னை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்க என்று சொன்னேன். ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரை உன் பிறந்தநாளுக்கு அவர் குரல் போனில் வந்தது, ஆள் வரவில்லை. திரும்பி வந்தபோது நீ அவரை "வாங்க" என்றாய், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. இப்போதும் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த "வாங்க" இருக்கிறது. அதற்குக் காரணம் அவர் சிரித்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் போட்டோவைக் காட்டினேன், அவர்தான் கேட்கவில்லை என்று. காதைப் பார்த்த விஷயத்தை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு கடை நிறைய ஆள் சிரித்தார்கள் என்பதற்காக, ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "காது வேற மாதிரி கீது" என்று நாலு சொல். அதற்கு விலை நாலு வருடம்.

அவர் போன பிறகு கடையில் நான் தனியாக உட்கார்ந்தேன். பயந்தவள் கையில் சந்தேகம் கிடைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். எல்லாக் கார்டு நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பேர், நம்பர், தேதி, பின்பக்கம் இருந்த எண் வரைக்கும். பின்னால் ஏதாவது வந்தால் காட்டலாம் என்ற நினைப்பு. ஒருநாள் பேங்குக்காரர் வந்து பார்த்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, திருடனுக்குத் தேட வேண்டிய வேலையே இல்லாம நீங்களே லிஸ்ட் போட்டு வெச்சிருக்கீங்களே." அன்றைக்கே கிழித்து எரித்தேன். உன் கடையில் யாராவது கார்டு நம்பரைப் போனில் சொன்னால் காகிதத்தில் எழுதாதே, செல்போனில் படம் எடுத்தும் வைக்காதே. கார்டு வாடிக்கையாளரின் கண்ணை விட்டு ஒரு நிமிஷமும் உள்ளே போகக்கூடாது, உன் கடை ஆள் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும். மெஷின் ரிப்பேருக்கு என்று யாராவது வந்தால், நீ கூப்பிடாமல் அவன் எப்படி வந்தான் என்று முதலில் கேள். பேங்குக்கு நீயே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் மெஷினில் கை வைக்க விட வேண்டும். அவன் கொடுக்கிற நம்பருக்குப் போடாதே, உன்னிடம் இருக்கிற நம்பருக்குப் போடு.

அந்த வருடங்களில்தான் இன்னொருவர் வந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, வெயிலில் கறுத்த முகம், நகமெல்லாம் வெடித்த கை. மகளுக்குக் கொலுசு கேட்டார். எடை கேட்டார், கூலியில் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டார். பிறகு மடித்து வைத்த துணியைப் பிரித்து வெளிநாட்டு பேங்குக் கார்டு ஒன்றை எடுத்தார். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. அந்தக் கைக்கு இந்தக் கார்டு எப்படி என்றுதான் எனக்குத் தோன்றியது. பாஸ்போர்ட் கேட்டேன். காட்டினார். எங்கே வேலை, எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்டேன். சொன்னார். கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்க அரை மணி நேரமானது. அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. வந்தவர்களெல்லாம் அவரைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கார்டு சரியானதுதான் என்றார்கள்.

அவர் கார்டை வாங்கிக்கொண்டார். "யம்மா, கார்டு சரியாத்தான் கீது. என் கையிதான் உனுக்குப் புடிக்கல" என்றார். கொலுசை எடுக்காமலே போய்விட்டார்.

எங்கள் அப்பாவின் கையும் அப்படித்தான் இருக்கும், தினேஷ். கொலுசைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பிச்சாட்டூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். பஸ் நிறைய ஜனம். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரியாத ஆட்களின் நடுவில், சத்தமாகப் பேசினேன். "அண்ணா, நான் பண்ணது தப்பு. நல்ல சட்ட போட்டு வந்திருந்தா உங்கள நான் நிக்க வெச்சிருக்க மாட்டேன். மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ தூரம் ஓடியாந்த? சரி சரி, அழுவாத. ஓடியாந்ததுக்கு கூலியில இன்னும் அம்பது ரூபா கொற" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் சாகவில்லை என்பதைக் கவனித்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே சோதனை. பட்டுப்புடவைக்கும் லுங்கிக்கும் ஒன்றுதான். ஆளின் துணியையும் கையையும் சாதியையும் பார்க்காதே. வாங்குகிற விதத்தைப் பார். நம் கடைக்கு வருகிறவர்கள் எப்படி வாங்குவார்கள் என்று உனக்குத் தெரியும். அப்படி இல்லாமல் ஒருவர் வாங்கினால், ஏன் என்று நீ கேட்டே ஆக வேண்டும்.

இப்போது உன் கனடா ஆர்டரை எடுத்துக்கொள். நேற்று நீ சந்தோஷமாகச் சொன்னதை நான் ஒவ்வொன்றாக மனதில் திருப்பிப் பார்த்தேன். பேத்தி கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க இருபத்தைந்து ஜோடி விளக்கு வேண்டும் என்று கனடாவிலிருந்து ஒரு பாட்டி போன் செய்தாராம். எந்த மாடல் என்று நீ படம் அனுப்பினாய், "எது ரெடியா இருக்கோ அது போதும்" என்றார். எடை கேட்கவில்லை, செய்கூலி கேட்கவில்லை. கல்யாணத்துக்கு விளக்கு வாங்குகிற எந்தப் பாட்டி மாடல் பார்க்காமல் வாங்குவாள்? முதலில் கொடுத்த கார்டு போகவில்லை, இரண்டாவதும் போகவில்லை, மூன்றாவது போனது. ஒரு மனுஷருக்கு மூன்று கார்டு இருக்கலாம். மூன்றும் மூன்று பேரில் இருந்ததா என்று பார்த்தாயா? நம்மூர்க் கார்டாக இருந்தால் ஓடிபி வரும். வெளிநாட்டுக் கார்டுகளில் பல நேரம் அது கேட்பதே இல்லை, உனக்கே தெரியும். பணம் கணக்கில் ஏறிவிட்டது என்கிறாய். எங்களுக்கும் ஏறியது. கார்டுக்குச் சொந்தக்காரர் பில்லைப் பார்த்து "இது நான் வாங்கவில்லை" என்று சொல்லும் வரைதான் அது உன் பணம்.

எனக்கு உறுதியாகப் பட்டது கடைசியில் நீ சொன்ன இடத்தில்தான். விளக்கு விலையைவிட அதிகமாகக் கார்டில் இழுத்துக்கொள், மீதியை வண்டி டிரைவரிடம் கையில் கொடுத்துவிடு, அவனுக்கு வாடகை என்றாராம். கல்யாண வீட்டு முகவரி கேட்டால் மண்டபம் மாறலாம் என்றாராம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வேண்டும் என்று இரண்டு நாளில் ஆறு தடவை போன் செய்திருக்கிறார். அவசரப்படுத்துகிறவர் உன்னை யோசிக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார். அன்றைக்கு அந்த மொட்டைத் தலைக்காரனும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றுதான் சொன்னான்.

நீ செய்ய வேண்டியது இது. டிரைவர் வந்தால் திருப்பி அனுப்பு. போனில் வருகிறவரிடம் மரியாதையாகச் சொல்: கார்டில் பேர் இருக்கிறவர், அல்லது கல்யாண வீட்டார் ஒருவர், அடையாளத்தோடு கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால், பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அந்தக் கார்டுக்கே முழுவதும் திரும்பப் போகும். வேறு கணக்கு நம்பர் கொடுத்தால் அதற்கு ஒரு ரூபாய் போடாதே. இதைப் படித்ததும் பேங்குக்கு எழுதிக் கொடு. உண்மையான பாட்டியாக இருந்தால் திட்டிவிட்டு யாரையாவது அனுப்புவாள், செய்கூலிக்கும் சண்டை போடுவாள். கனடாவுக்கு நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழகிய விஷயம். பேசாமல் இருப்பதைத்தான் இனிமேல் என்னால் தாங்க முடியாது. உன் பையனுக்கு அடுத்த மாதம் நாலு முடிந்து ஐந்து தொடங்குகிறது, நைனா குவைத்துக்குப் போனபோது உனக்கும் ஐந்துதான்.

உன்னிடம் பதினைந்து ஜோடிதான் இருக்கிறது, மீதிப் பத்தை இங்கிருந்து நைனாவிடம் கொடுத்தனுப்பு என்று கேட்டாய். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவர் வருவார். விளக்கு வராது. கட்டி வைத்திருந்த பத்து ஜோடியையும் இன்று மதியம் பிரித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் பையில் இந்தக் கடிதம் மட்டும் இருக்கும்.

கவரை நான் ஒட்டவில்லை. திறந்திருக்கிற கவர் பையில் இருந்தால் பஸ்ஸில் அவர் எடுத்துப் படிப்பார், அவர் சுபாவம் எனக்குத் தெரியும். ஏழாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி மெல்லத்தான் படிப்பார். சித்தூர் சேர இரண்டு மணி நேரம் ஆகும். காது வரும் பக்கத்துக்கு வந்து சேர அவருக்கு அது போதும். அவர் இறங்கும்போது நீ பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்று காலையில் உனக்குப் போனில் சொல்லிவிடுவேன். அவர் முகம் எப்படி இருந்தாலும், இந்தத் தடவை "வாங்க" என்று மட்டும் சொல்லாதே என்பதையும்.

அம்மா